செய்தியில் வருகிற மருத்துவப் புரட்சியெல்லாம் வார்டுக்குள் வருகிறதா?

புதுவெள்ளம்:

மரபணுவைத் திருத்திவிட்டார்கள், பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்குப் பொருத்திவிட்டார்கள், டாக்டர் கண்ணில் படாத புற்றுநோயைக் கணினி பிடித்துவிட்டது என்று வாராவாரம் ஏதாவது ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கிறது. நானும் விடாமல் படிக்கிறவன்தான். ஆனால் எனக்கு நெருங்கிய ஒருவர் கடுமையான நிமோனியாவோடு ஐசியூவில் இருந்தபோது பார்த்தால், கொடுத்ததெல்லாம் ஆக்சிஜன், டிரிப், ஆன்டிபயாடிக், ஒரு ஸ்டீராய்டு ஊசி, அவ்வளவுதான். அரை நூற்றாண்டுக்கு முன்பும் இந்த நான்கும் இருந்திருக்கும். ஆள் பிழைத்து வந்துவிட்டார், அந்த மட்டில் குறை சொல்ல எதுவும் இல்லை. இருந்தாலும் கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு ஆராய்ச்சியும் எங்கே போகிறது? சமீபத்தில் வந்தவற்றில், மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒரு சாதாரண நோயாளிக்கு நிஜமாகவே வித்தியாசம் ஏற்படுத்தியது எது? துறையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் பட்டியல் பட்டியலாகக் கொட்டுகிறது, எது நிஜம் எது விளம்பரம் என்று பிரிக்க முடியவில்லை.

வார்டு_ஆந்தை:

பொது மருத்துவ வார்டிலும் ஐசியூவிலும் வேலை செய்கிறவன். என் பார்வை அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பழசு என்று தள்ளிவிட்ட அந்த ஸ்டீராய்டு ஊசிதான் உங்கள் பட்டியலிலேயே புதுசு. மருந்து பழையது, சரி. கார்டிசோன் ஆராய்ச்சிக்கு 1950-லேயே நோபல் பரிசு கொடுத்தாகிவிட்டது. ஆனால் நிமோனியா என்பது கிருமித்தொற்று, ஸ்டீராய்டோ உடம்பின் எதிர்ப்பை அடக்குகிற மருந்து, கிருமி உள்ளே இருக்கும்போது எதிர்ப்பை அடக்கலாமா கூடாதா என்று வருடக்கணக்காகச் சண்டை நடந்தது, சின்னச் சின்ன ஆய்வுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. 2023-இல் பிரான்ஸிலிருந்து கேப் காட் என்ற ஆய்வு வந்தது. கடுமையான நிமோனியாவோடு ஐசியூவுக்கு வந்தவர்களில் ஒரு பாதிக்குச் சீக்கிரமே ஹைட்ரோகார்டிசோன், இன்னொரு பாதிக்கு மருந்தில்லாத போலி ஊசி. 28 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 6.2 சதவீதம், இரண்டாவதில் 11.9 சதவீதம். இதில் இன்ஃபுளுவென்சா நோயாளிகளைச் சேர்க்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஸ்டீராய்டு கெடுதல் செய்யலாம் என்ற சந்தேகம் இன்னும் உண்டு. ஆக இங்கே கண்டுபிடிக்கப்பட்டது மருந்து இல்லை. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதுதான்.

கோவிட் காலத்தில் இதே கதை இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பிரிட்டனில் ரிகவரி என்ற மாபெரும் ஆய்வு, 2020 ஜூனில் முடிவைச் சொன்னார்கள். தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன், அதிகபட்சம் பத்து நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ ஒரு பலனும் இல்லை, எண்கள் கொஞ்சம் தப்பான பக்கமாகவே சாய்ந்திருந்தன. அதே நோய், அதே மாத்திரை, ஆனால் நோயின் கட்டம் மாறினால் விடையும் மாறுகிறது. உலகமே கேட்டுக்கொண்டிருந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் உதவவில்லை என்பதையும் அதே ஆய்வுதான் காட்டியது.

வென்டிலேட்டரும் வெளியிலிருந்து பார்த்தால் அதே பெட்டிதான். ஆனால் நுரையீரல் மோசமாகக் கெட்டுப்போனவர்களுக்கு ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே தள்ளுகிற காற்றின் அளவைப் பாதியாகக் குறைத்தால், அதாவது உயரத்தை வைத்துக் கணக்கிடும் உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லி என்பதற்குப் பதில் 6 மில்லி கொடுத்தால், இறப்பு 39.8-இலிருந்து 31 சதவீதமாகக் குறைகிறது என்று 2000-இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. அதற்கு முன்பு ரத்தத்தில் எண்கள் அழகாக வர வேண்டும் என்று காற்றைத் தாராளமாக அடித்துக்கொண்டிருந்தோம், அந்த அடியே நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்தது. அப்புறம் 2013-இல், மறுபடியும் பிரான்ஸ்காரர்கள், அப்படிப்பட்ட நோயாளிகளில் மிகக் கடுமையானவர்களை ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்தார்கள். இறப்பு 32.8-இலிருந்து 16 சதவீதம். பாதி! இதற்கு எந்த மருந்தும் இல்லை, எந்தக் கருவியும் இல்லை, நோயாளியைத் திருப்பிப் போடுவது மட்டும்தான். இவ்வளவு பெரிய பலன் தரும் மாத்திரை ஒன்று வந்திருந்தால் எத்தனை நாள் தலைப்புச் செய்தியாக ஓடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

ஆன்டிபயாடிக்கும் அப்படியே. ரத்தத்திலேயே பாக்டீரியா பரவியவர்களுக்கு இரண்டு வாரம் என்பது எழுதப்படாத சட்டமாக இருந்தது. 2024-இல் பேலன்ஸ் என்ற ஆய்வு, ஏழு நாடுகளில் 3,608 நோயாளிகள், ஏழு நாளும் பதினான்கு நாளும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை என்று காட்டிவிட்டது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரி பொல்லாத கிருமிகளை அதில் சேர்க்கவில்லை. உங்கள் உறவினருக்கு நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவான நாள் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தால் அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை, ஆராய்ச்சியின் பலனாகவும் இருக்கலாம். அதற்காக யாரும் வீட்டில் தாங்களாகவே மருந்தைப் பாதியில் நிறுத்திவிட வேண்டாம், அந்த முடிவை நோயாளியை நேரில் பார்த்துத்தான் எடுக்க முடியும்.

குறுக்குசால்:

அப்படியானால் பழைய மருந்தும் குப்புறப் படுப்பதும் போதும், ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்களா டாக்டர்? :)

பிப்பெட்_பிடித்தவள்:

போக மாட்டோம். ஆந்தை சார் சொன்னதில் தப்பில்லை, ஆனால் ஐசியூ ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தால் படம் முழுசாகத் தெரியாது. கல்லீரலைக் கெடுக்கும் வைரஸ் நோயான ஹெபடைடிஸ் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு இன்டர்ஃபெரான் ஊசியை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டு, காய்ச்சலும் மனச்சோர்வுமாகக் கிடந்து, அதன் பிறகும் குணமாவார்களா என்று தெரியாத நிலை. 2013-இல் சோஃபோஸ்புவிர் வந்தது, அதோடு சேர்த்துக் கொடுக்கும் மருந்துகளும் வந்தன, இன்று எட்டு முதல் பன்னிரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் வைரஸ் முற்றிலும் போய்விடுகிறது. இது யாரையும் திருப்பிப் போட்டு வந்ததில்லை, வைரஸ் தன்னை நகலெடுக்கும் நொதியை உற்றுப் பார்த்து, அதன் வாயில் சிக்கிக்கொள்கிற மாதிரி ஒரு மூலக்கூறைச் செய்ததால் வந்தது. இந்த நோயாளிகள் உங்கள் கண்ணில் படாததற்குக் காரணமே அவர்கள் கல்லீரல் கெட்டு வார்டுக்கு வருவது குறைந்துவிட்டதுதான்.

மரபணுத் திருத்தம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கிரிஸ்பர் என்ற அமைப்பை மரபணுவை வெட்டும் கருவியாகப் பயன்படுத்தலாம் என்று ஜெனிஃபர் டௌட்னாவும் எம்மானுவெல் ஷார்பாந்தியேவும் காட்டியது 2012. அதை வைத்துச் செய்த முதல் சிகிச்சை, காஸ்ஜெவி, சிக்கிள் செல் நோய், பீட்டா தலசீமியா என்ற, ஹீமோகுளோபின் கெட்டுப்போகும் இரண்டு பரம்பரை ரத்தநோய்களுக்குப் பிரிட்டனில் அனுமதி பெற்றது 2023 நவம்பர். பதினோரு வருடம், இந்தத் துறையில் இது ஓட்டம்தான், நடை இல்லை. அதன் சூட்சுமம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கெட்டுப்போன மரபணுவை அவர்கள் சரி செய்வதே இல்லை. கருவில் இருக்கும்போது எல்லோருக்கும் வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது, பிறந்த பிறகு பிசிஎல்11ஏ என்ற மரபணு அதை அணைத்து வைக்கிறது. ரத்தச் செல்களில் அந்த அணைப்பானை மட்டும் செயலிழக்க வைத்தால் பழைய ஹீமோகுளோபின் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது, நோய் அடங்குகிறது. அமெரிக்க அனுமதிக்கு வைத்த தரவில், போதுமான காலம் கண்காணிக்கப்பட்ட 31 சிக்கிள் செல் நோயாளிகளில் 29 பேருக்குக் குறைந்தது ஒரு வருடம் கடுமையான வலித்தாக்குதல் வரவேயில்லை.

இதில் செய்தித்தாள் விட்டுவிடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. நோயாளியின் ஸ்டெம் செல்களை எடுத்து, வெளியே அனுப்பித் திருத்தி, திரும்பச் செலுத்துவதற்கு முன்னால் எலும்பு மஜ்ஜையில் இருக்கிற மிச்சச் செல்களைப் புசல்ஃபான் என்ற கடுமையான கீமோவால் அழிக்க வேண்டும். வாரக்கணக்கில் மருத்துவமனை, முடி கொட்டும், வாயெல்லாம் புண், தொற்று பயம், குழந்தை பெறும் திறன் போகலாம். ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுகிற விஷயம் இல்லை. அதனால்தான் வார்டு ஆட்கள் இல்லாமல் எங்கள் வேலை கண்ணாடிக் குழாயோடு நின்றுவிடும் என்று எங்களுக்கே தெரியும்.

2025-இல் பிலடெல்ஃபியாவில் நடந்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சிபிஎஸ்1 என்ற நொதி வேலை செய்யாத ஒரு கைக்குழந்தை, உடம்பில் அம்மோனியா சேர்ந்து மூளையைக் கெடுத்துவிடும் அபாயம். அந்த ஒரு குழந்தையின் மரபணுப் பிழைக்கு என்றே ஒரு மரபணுத் திருத்தியை ரெபெக்கா அஹ்ரன்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனூரு குழுவினர் ஆறே மாதத்தில் வடிவமைத்துக் கொடுத்தார்கள். செல்களை வெளியே எடுக்கவில்லை, நேராக ரத்தத்தில் ஏற்றினார்கள். குழந்தை முன்பைவிட அதிகப் புரதம் தாங்கியது, அம்மோனியாவுக்கான மருந்தும் குறைந்தது. முழுக்கக் குணம் என்று அவர்களே சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன்.

அந்தத் திருத்தியைச் சுமந்து போனது கொழுப்பு நுண்துகள், கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் இருந்த அதே வகைப் பொதி. ரத்தத்தில் விட்டால் அது பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. கல்லீரல் நோய்களிலும், வெளியே எடுத்துத் திருத்த முடிகிற ரத்தநோய்களிலும் மட்டும் இப்போதைக்கு இவ்வளவு வேகம் தெரிவது இதனால்தான். மூளைக்கும் தசைக்கும் பொதியைப் போதுமான அளவு கொண்டு சேர்ப்பதுதான் பெரிய முட்டுக்கட்டை. அடுத்த முறை "மரபணுத் திருத்தத்தால் இந்த நோய்க்குத் தீர்வு" என்று படித்தால், அது எந்த உறுப்பு, அங்கே எப்படிப் போய்ச் சேரும் என்று மட்டும் பாருங்கள், பாதிச் செய்திகளை அங்கேயே வடிகட்டிவிடலாம்.

புதுவெள்ளம்:

இரண்டு பேருக்கும் நன்றி. ஸ்டீராய்டு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பன்றிச் சிறுநீரகம் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே?

பிப்பெட்_பிடித்தவள்:

சுருக்கமாக. 2022 ஜனவரியில் மேரிலாந்தில் பன்றி இதயம், 2024 மார்ச்சில் பாஸ்டனில் பன்றிச் சிறுநீரகம், இரண்டு பேரும் சுமார் இரண்டு மாதத்தில் இறந்துவிட்டார்கள். சிறுநீரகம் கொடுத்த பன்றியில் 69 மரபணுத் திருத்தங்கள். இதெல்லாம் வேறு வழியில்லாத தனி நபர்களுக்கு விசேஷ அனுமதியோடு செய்தவை. முறைப்படியான மருத்துவ ஆய்வு தொடங்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 2025-இல்தான். ஆகவே பொறுங்கள்.

இரவுப்பணி:

ஐசியூ நர்ஸ். குப்புறப் படுக்க வைப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம் என்று ஆந்தை டாக்டர் சொன்னதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். கருவி வேண்டாம், ஆட்கள் வேண்டும் டாக்டர். வாயில் குழாய், கழுத்தில் லைன், சிறுநீர்க் குழாய், நெஞ்சில் டியூப் என்று இருக்கிற ஒருவரை ஒன்றும் பிடுங்கிக்கொள்ளாமல் திருப்ப ஐந்தாறு பேர், அதில் ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்ல வேண்டும். அப்புறம் முகத்தில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் தலையைத் திருப்பி வைக்க வேண்டும். ஆய்வில் நல்ல முடிவு வந்த ஒரு காரியம் எல்லா இடத்திலும் ஏன் நடப்பதில்லை என்று கேட்டால், பல சமயம் காரணம் அறிவு இல்லாதது அல்ல, அந்த ஷிஃப்டில் ஆள் இல்லாததுதான்.

நான் சேர்க்க நினைப்பது சென்ட்ரல் லைன் தொற்று. பெரிய ரத்தக்குழாயில் போடுகிற அந்த லைன் வழியாகக் கிருமி போனால் மனிதர் பிழைப்பதே கஷ்டம், ஒரு காலத்தில் அது ஐசியூவில் இருந்தால் வரத்தான் செய்யும் என்று விட்டுவிடுகிற விஷயம். மிச்சிகன் மாநில ஐசியூக்களில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழு ஐந்தே படிகளைக் கட்டாயமாக்கியது: கை கழுவுவது, கவுன் மாஸ்க் கையுறையோடு நோயாளியை முழுக்க மூடித் துணி போடுவது, குளோர்ஹெக்ஸிடினால் தோலைத் துடைப்பது, முடிந்தவரை தொடை ரத்தக்குழாயைத் தவிர்ப்பது, தேவை முடிந்த லைனை உடனே எடுப்பது. 2006-இல் வந்த முடிவில், ஆயிரம் லைன்-நாளுக்கு (ஒரு லைன் ஒரு நாள் இருந்தால் ஒரு லைன்-நாள்) 2.7 என்றிருந்த இடைநிலைத் (மீடியன்) தொற்று விகிதம் மூன்று மாதத்துக்குள் பூஜ்யத்துக்கு வந்திருந்தது. இந்த ஐந்தில் ஒன்றுகூட அன்று புதிதாகக் கண்டுபிடித்தது கிடையாது. டாக்டர் ஒரு படியைத் தாண்டினால், அவசரமில்லாத சமயத்தில் அவரை நிறுத்தலாம் என்பதுதான் புதிது, அதுதான் கஷ்டமும். சீனியர் டாக்டரைப் பார்த்து "நிறுத்துங்கள், துணி போடவில்லை" என்று சொல்ல நிர்வாகம் பின்னால் நிற்க வேண்டும். நிற்காத இடத்தில் அந்தத் தாள் கேஸ் ஷீட்டில் ஒன்றாகக் கிடக்கும், டிக் மட்டும் விழும்.

எண்கணக்கு:

நான் மருத்துவன் இல்லை, மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரம் பார்க்கிறவன். எது விளம்பரம் என்று கேட்டதற்கு மட்டும் பதில்.

"27 சதவீதம் குறைத்தது" என்று செய்தி வந்தால், எதில் 27 என்று கேளுங்கள். அல்சைமருக்கான லெகனமாப் 2023-இல் இப்படித்தான் வந்தது. பதினெட்டு மாதத்தில் நோய் மோசமாகும் வேகம் 27 சதவீதம் குறைவு, உண்மை. ஆனால் நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் இரண்டு குழுவுக்கும் இடைவெளி 0.45 புள்ளி. அதோடு சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும். குடும்பத்துக்கு அது கண்ணுக்குத் தெரியுமா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. உடல் எடைக்கான செமாக்ளூடைடை இதய ஆபத்துக்குச் சோதித்த செலக்ட் ஆய்வில் "20 சதவீதம்" என்பது, 8 சதவீதம் பேருக்கு வந்த மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் 6.5 சதவீதமானது. இது நல்ல முடிவுதான், ஆனால் 20 என்று கேட்டபோது உங்கள் மனசில் வந்த படம் இதுவா?

இன்னொரு பக்கம், ஐசியூவில் ரத்தச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நல்லது என்று 2001-இல் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்த ஆய்வை நம்பி உலகமே இன்சுலின் ஓட்டியது. 2009-இல் நைஸ்-ஷுகர் என்ற ஆறாயிரம் பேர் ஆய்வு, இறுக்கிப் பிடித்த குழுவில் 27.5 சதவீதமும் விட்டுப் பிடித்த குழுவில் 24.9 சதவீதமும் இறந்ததாகக் காட்டியது. எண் அழகாக இருந்தது, மனிதர்கள் இறந்தார்கள். கிருமித்தொற்றால் உடம்பின் உறுப்புகளே செயலிழக்கும் செப்சிஸுக்கு 2001-இல் அனுமதி பெற்ற ஸிக்ரிஸ் என்ற மருந்து பத்து வருடம் விற்றுவிட்டு 2011-இல் திரும்பப் பெறப்பட்டது, மறுபடி சோதித்தபோது உயிரைக் காக்கவில்லை. சிகிச்சையைக் கைவிடுவதும் முன்னேற்றம்தான், அதற்கு யாரும் பத்திரிகையாளர் சந்திப்பு வைப்பதில்லை.

நிஜமாகவே பெரிய பலன் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் ஸ்ட்ரோக் பாருங்கள். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைப்பைத் தொடை வழியாகக் கம்பி விட்டு இழுத்து எடுப்பது 2015-இல் வரிசையாக வந்த ஆய்வுகளால் நிலைபெற்றது. ஆறு மணி நேரம் தாண்டினால் முடிந்தது என்று இருந்ததையும் டான் என்ற ஆய்வு உடைத்தது: ஸ்கேனில் இன்னும் காப்பாற்றக்கூடிய மூளை இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டவர்கள் 49 சதவீதம், செய்யாதவர்களில் 13 சதவீதம். இதற்குச் சதவீதத்தின் சதவீதம் கணக்குப் போடவே வேண்டாம்.

வார்டு_ஆந்தை:

ஸ்ட்ரோக்கை நான் விட்டுவிட்டேன், எண்கணக்கு சொன்னது ரொம்பச் சரி. ஆனால் 24 மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் படுத்துத் தூங்கிவிடக் கூடாது. அது ஸ்கேனில் தேர்வானவர்களுக்கு மட்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு இன்னும் நாலரை மணி நேரம்தான், அதிலும் சீக்கிரம் போட்டால் பலன் கூடுதல். வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இரவுப்பணி சொன்ன ஆள் பற்றாக்குறைக்கு நான் பதில் சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

லெகனமாப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வேறுபடுகிறேன். 0.45 சின்னதுதான், இருந்தாலும் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை எடுத்தால் நோயின் போக்கு கொஞ்சமாவது அசைகிறது என்று முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்ததே, அடுத்து வருகிறவர்களுக்கு அது ஒரு பிடி.

புதுவெள்ளம்:

கடைசியாக ஒன்று, செயற்கை நுண்ணறிவு? அதில் ஏதாவது உண்டா, இல்லை வெறும் சத்தமா?

எண்கணக்கு:

இரண்டும் உண்டு. ஸ்வீடனில் மசாய் என்ற ஆய்வு, எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், மார்பக எக்ஸ்ரேயை இரண்டு டாக்டர்கள் பார்க்கும் வழக்கத்துக்குப் பதிலாகக் கணினி உதவியோடு பார்த்தார்கள். 2023-இல் வெளியான முதல் முடிவில் ஆயிரத்துக்கு 6.1 புற்றுநோய் பிடிபட்டது, வழக்கமான முறையில் 5.1. படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைவு. ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தது என்பதால் இதை நம்பலாம்.

மறுபக்கம், பல மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்த ஒரு செப்சிஸ் எச்சரிக்கை மென்பொருளை 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிலிருந்து சரிபார்த்தார்கள். செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டது, ஆனால் அட்மிட் ஆனவர்களில் 18 சதவீதம் பேருக்கு மணி அடித்தது.

இரவுப்பணி:

அந்த மணியை அணைக்க எழுந்து போகிறவள் நான் :) ஏற்கெனவே மானிட்டர், டிரிப் பம்ப், வென்டிலேட்டர் எல்லாம் கத்துகிற இடம் அது. தேவையில்லாமல் அடிக்க அடிக்க, தேவையானது அடிக்கும்போதும் காது தானாக அடைத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுகிறவர்கள், பழையதில் எதைக் கழற்றப் போகிறோம் என்றும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.